ரோந்து வண்டி எங்கே நிற்கிறது?

இரவு பதினொன்றரை மணி இருக்கும். கடைவீதியில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிவிட்டன. நகைக்கடை வரிசைக்கு எதிரே போலீஸ் ரோந்து வண்டி ஒன்று மெதுவாக வந்து ஓரம் கட்டுகிறது. கூரையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு மாறிமாறி அடிக்கிறது. உள்ளே மைக் கரகரத்துக்கொண்டே இருக்கிறது. ஏட்டு இறங்கி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, ரோந்து வந்ததைப் பதிவதற்காகச் சுவரில் மாட்டியிருக்கும் பட்டா புத்தகத்தை எடுத்து, நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிக்கொள்கிறார். வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்தான். தமிழ்நாட்டில் சிறிய ஊரோ பெரிய ஊரோ, இந்தக் காட்சியைப் பார்க்காதவர் அநேகமாக இருக்க மாட்டார்.

ஏரியாவில் ஒரு திருட்டு நடந்தால் நாம் முதலில் வைக்கும் கோரிக்கையும் இதையொட்டியதுதான்: ரோந்தை அதிகப்படுத்த வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கத்தின் மனுவிலும், வணிகர் சங்கத்தின் தீர்மானத்திலும், பேட்டி கொடுக்கும் காவல் துறை அதிகாரியின் பதிலிலும் இந்த வாக்கியம் தவறாமல் இடம்பெறும். வண்டி சுற்றிக்கொண்டிருந்தால் திருடன் வரமாட்டான் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நினைக்கிறோம். ஆனால் இந்த நம்பிக்கை ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்க நகரத்தின் காவல் துறை, தன் ரோந்து வண்டிகளை வைத்தே ஓராண்டு முழுவதும் அதைச் சோதித்தது. வந்த விடை காவல் துறைக்கே அதிர்ச்சியாக இருந்தது. அந்தச் சோதனையையும் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது, ரோந்து வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, அதிலிருந்து இறங்கியவர் என்ன செய்தார் என்பவையே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவுக்கான காரணங்களை இங்கே விளக்க முயல்கிறேன்.

மோட்டார் வண்டி காவல் துறைக்குள் நுழைந்தது ரோந்துக்காக அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் 1899ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மின்சார வண்டியையே முதல் போலீஸ் மோட்டார் வண்டி என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். பேட்டரியில் ஓடிய அந்த வண்டிக்கு 2,400 டாலர் செலவானது; மணிக்கு 16 மைல், அதாவது ஏறக்குறைய 26 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதற்குக் கிடைத்த முதல் வேலை, தெருவில் குடிபோதையில் இருந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவது. பிடித்த ஆளைக் கொண்டுவருவதற்கான வண்டியாகத்தான் அது இருந்தது. குற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போதும் கால்நடையாகச் சுற்றும் காவலரிடமே இருந்தது.

காரை ரோந்தின் நடுவே கொண்டுவந்து வைத்தது ரேடியோ. அதுவரை, ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பிவிட்டால் அதைத் திரும்பத் தொடர்புகொள்ள வழியே இல்லை. டெட்ராய்ட் நகரப் போலீஸ் 1928இல் வண்டிகளுக்கு ரேடியோ வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியது. வண்டியில் இருப்பவர் கேட்கலாம், பதில் பேச முடியாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதுகூட அனுப்பியவருக்குத் தெரியாது. 1933இல் நியூஜெர்சி மாநிலத்து பேயோன் நகரில் இருவழிப் பேச்சு நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்ததும் சங்கிலி முழுமையடைந்தது: பொதுமக்கள் போன் செய்வார்கள், கண்ட்ரோல் ரூம் மைக்கில் சொல்லும், பக்கத்தில் இருக்கும் வண்டி போகும். 1968 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்ற சிற்றூரில் 911 என்ற எண்ணுக்கு முதல் அழைப்பு போனது. இன்று நாம் 100 அல்லது 112 என்று அழுத்தும்போது இயங்குவதும் இதே சங்கிலிதான்.

இதற்குக் கோட்பாடு வகுத்துக் கொடுத்தவர் ஓ. டபிள்யூ. வில்சன். பெர்க்லி நகரக் காவல் துறையைச் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாற்றிய ஆகஸ்ட் வோல்மரின் மாணவர் அவர்; 1960 முதல் 1967 வரை சிகாகோ காவல் துறையின் தலைவராக இருந்தவர். எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருக்கும் என்று ஊகிக்க முடியாதபடி, பார்த்தவுடன் போலீஸ் என்று தெரியும் வண்டிகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தால், போலீஸ் எங்கும் இருக்கிறது என்ற எண்ணம் ஊரில் பரவும். அந்த எண்ணமே தவறு செய்ய நினைப்பவனைத் தடுத்துவிடும் என்பது அவருடைய வாதம். உலகின் பல நாடுகளில் காவல் துறைகள் வண்டி வாங்கியதும், வண்டி சுற்ற வேண்டிய பகுதிகளாக, அதாவது பீட்களாக, ஊரைப் பிரித்ததும், ஷிப்ட் போட்டதும் இந்த வாதத்தின் மேல்தான். கேட்பதற்கு நியாயமாக இருந்ததால், அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும் என்று நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய இடம் மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டி. அங்கே காவல் துறைத் தலைவராக இருந்தவர் கிளாரன்ஸ் கெல்லி, பின்னாளில் எஃப்.பி.ஐ.யின் இயக்குநரானவர். போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பின் துணையோடு, ஜார்ஜ் கெல்லிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நகரின் தென்பகுதியில் 32 சதுர மைல் பரப்பை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்த 15 பீட்களும் ஐந்தைந்தாக மூன்று பிரிவாக்கப்பட்டன. முதல் பிரிவில் வழக்கம்போல பீட்டுக்கு ஒரு வண்டி சுற்றும். இரண்டாவது பிரிவில் ரோந்து இரண்டு மூன்று மடங்காக்கப்படும். மூன்றாவது பிரிவில் ரோந்தே கிடையாது. யாராவது போன் செய்தால் மட்டும் வண்டி உள்ளே போகும், வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். பொதுமக்களுக்கு இந்த ஏற்பாடு அறிவிக்கப்படவில்லை.

சோதனை முதலில் 1972 ஜூலையில் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் சிக்கலாகிவிட்டது. ஆள் பற்றாக்குறை ஒருபுறம். ரோந்து இல்லாத பீட்டுக்குள் போகக் கூடாது என்ற விதியைக் காவலர்களால் கடைப்பிடிக்க முடியாமல் போனது மறுபுறம். தன் பீட்டைக் கவனிக்காமல் விட்டால் அங்கே ஏதாவது நடந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. பொறுப்பை உணர்ந்தவருக்கு அந்தப் பயம் வருவது இயல்பு என்பதால் அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. விதிகளைச் சரிசெய்து, அக்டோபர் 1 அன்று மீண்டும் தொடங்கி, 1973 செப்டம்பர் 30 வரை நடத்தினார்கள்.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது மூன்று பிரிவுகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. வீடு புகுந்து திருடுவது, கார் திருட்டு, வழிப்பறி, பொருள்களைச் சேதப்படுத்துவது ஆகிய எதுவும், ரோந்து இல்லாத இடத்தில் கூடவும் இல்லை, ரோந்து பெருகிய இடத்தில் குறையவும் இல்லை. மக்களின் அச்சத்தை அளந்தார்கள். அதிலும் மாற்றம் இல்லை. போலீஸ் வந்துசேரும் நேரத்திலும், காவல் துறை மீதான திருப்தியிலும் மாற்றம் இல்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ பெரும்பாலான மக்கள் கவனிக்கவே இல்லை.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் மனக்கணக்குப் போட்டாலே புரிந்துகொள்ளலாம். ஒரு பீட்டில் எல்லாத் தெருக்களின் நீளமும் சேர்ந்து 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், நடுவே எங்கும் நிற்காமல், போன தெருவுக்கே திரும்பப் போகாமல் சுற்றினால், ஒரு முறை முடிக்க மூன்று மணி நேரம். உங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு பக்கமும் முப்பது மீட்டர் என்று வைத்தால், அந்த அறுபது மீட்டரை வண்டி பதினொரு நொடியில் கடந்துவிடும். மூன்று மணி நேரத்தில் பதினொரு நொடி. ரோந்தை மூன்று மடங்காக்கினால் முப்பத்துமூன்று நொடி. பூட்டை உடைப்பவனுக்குப் பயமுண்டாக்க இது போதாது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் வண்டி போகும்வரை மதில் நிழலில் ஒதுங்கி நிற்பதுதான். சுழலும் விளக்கோ, வண்டி வருவதைத் தூரத்திலிருந்தே அவனுக்கு அறிவித்துவிடுகிறது. வீட்டுக்குள்ளும் தெரிந்தவர்களுக்குள்ளும் நடக்கும் வன்முறைக்கு, தெருவில் எத்தனை வண்டி போனாலும் தொடர்பே இல்லை.

இந்த முடிவை, போலீஸே தேவையில்லை என்று படித்தவர்களும் உண்டு, அது தவறு. ரோந்து இல்லாத பீட்டுக்குள்ளும் அழைப்பு வந்தபோதெல்லாம் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அந்தப் பகுதி மக்கள் பார்வையிலிருந்து போலீஸ் மறையவில்லை என்று ரிச்சர்ட் லார்சன் என்ற ஆய்வாளர் 1975இலேயே சுட்டிக்காட்டினார். போலீஸ் முற்றிலும் மறைந்தால் என்னவாகும் என்பதற்கு டென்மார்க் சாட்சி. 1944 செப்டம்பரில் ஜெர்மன் ஆக்கிரமிப்புப் படை அந்நாட்டுப் போலீஸ்காரர்களைக் கைது செய்தபோது, திருட்டும் கொள்ளையும் கிடுகிடுவென ஏறின. ஆகவே கான்சாஸ் சிட்டி காட்டியதை இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: போலீஸ் உண்டு என்று ஊருக்குத் தெரிந்திருக்கும் நிலையில், இலக்கில்லாமல் சுற்றும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடுவதில்லை.

சுற்றுவதால் பயனில்லை என்றால், கூப்பிட்டவுடன் விரைந்து வருவதாலாவது பயன் இருக்க வேண்டுமே என்ற கேள்வி அடுத்து வந்தது. இதையும் முதலில் ஆராய்ந்தது கான்சாஸ் சிட்டிதான். பிறகு ஜாக்சன்வில், பியோரியா, ராச்செஸ்டர், சான் டியகோ என்ற நான்கு நகரங்களில் நடந்த ஆய்வின் அறிக்கை 1981இல் வெளிவந்தது. கடுங்குற்றங்களில் நான்கில் மூன்று, நடந்து முடிந்து வெகுநேரம் கழித்தே தெரியவருபவை: ஊரிலிருந்து திரும்பிவந்து பார்த்தால் பூட்டு உடைந்திருக்கிறது, காலையில் எழுந்து பார்த்தால் வண்டியைக் காணோம். அப்போது போலீஸ் ஐந்து நிமிடத்தில் வந்தாலும் ஐம்பது நிமிடத்தில் வந்தாலும் திருடன் கிடைக்கப்போவதில்லை. மீதமுள்ள ஒரு பங்கில், பாதிக்கப்பட்டவர் திருடனை நேரில் பார்த்திருந்தும் உடனே போன் செய்வதில்லை. முதலில் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்கிறார். என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார். அதிலேயே பல நிமிடங்கள் கரைந்துவிடுகின்றன. வேகமாக வந்ததால் மட்டுமே கைது செய்ய முடிந்தது என்று சொல்லத்தக்கவை, ஆயிரம் கடுங்குற்றங்களுக்கு 29 மட்டுமே என்றது அந்த அறிக்கை.

நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். செயின் பறித்தவன் பைக்கில் போன திசையை மைக்கில் அறிவித்து அடுத்த செக்போஸ்டில் மடக்குவதற்கு முதல் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் வாய்ப்பு. அந்த நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாவைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது, தண்ணீர் கொடுக்கிறது, மகனுக்குப் போன் போடுகிறது. யாராவது ஒருவர் 100க்குப் போன் செய்வது பெரும்பாலும் கடைசியில்தான். வண்டியின் வேகத்தைவிட இந்தத் தாமதம் பெரியது. அதைக் குறைப்பது போலீஸ் கையில் மட்டும் இல்லை.

ஆனாலும் விரைந்து வருவது வேறொரு வகையில் மிகவும் தேவைப்படுகிறது, ஏனென்றால் அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி திருடனைப் பிடிக்கும் வேலையே அல்ல. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன், வழியை மறித்து நிறுத்திய லாரி, நள்ளிரவைத் தாண்டியும் ஓயாத மைக்செட், காணாமல்போன முதியவர், மோதிக்கொண்ட இரண்டு பைக்குகளுக்கு நடுவே கைகலப்பு: இவைதான் ரோந்து வண்டியின் அன்றாடம். இவற்றில் பல வழக்காவதே இல்லை. ஸ்டேஷனுக்குப் போனாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்துவிடும். வண்டியில் வரும் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) அந்த இடத்தில் இரண்டு தரப்பையும் பிரித்து நிறுத்தி, யார் பேச வேண்டும் யார் வீட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லி, அடி விழாமல் பார்த்துக்கொள்கிறார். பத்து நிமிடம் முன்பு வந்ததால் ஒரு பெண் அடிபடாமல் தப்பியது எந்தக் கைதுக் கணக்கிலும் ஏறாது. கைது எண்ணிக்கையை வைத்து மட்டும் ரோந்து வண்டியை எடைபோடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வந்த வண்டி வந்த இடத்தில் வேலையை ஏற்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் பேருந்தில் வன்கொடுமைக்கு ஆளாகிச் சாலையோரம் வீசப்பட்ட இளம்பெண்ணையும் அவருடைய நண்பரையும் பார்க்க வந்த ரோந்து வண்டிக்காரர்கள், இது எந்த ஸ்டேஷன் எல்லை என்று வாதிட்டு நேரத்தைக் கடத்தினார்கள் என்று அந்த நண்பர் பின்னர் தொலைக்காட்சியில் குற்றஞ்சாட்டினார். டெல்லி போலீஸ் அதை மறுத்தது. அந்த இரவில் நடந்தது எதுவாக இருந்தாலும், எல்லைப் பிரச்சினை என்பது நாடெங்கும் மக்கள் பட்டறிந்த ஒன்று என்பதால்தான் அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு ஆழமாகத் தைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிட்டது. வண்டியில் வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், கூப்பிட்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, நிற்கும் வண்டிக்கு வருவோம். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியல் அறிஞரின் குழுவினர் போலீஸ் அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தார்கள். நகரின் முகவரிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றிலிருந்தே பாதி அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒரு மதுக்கூடம், ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மூலைக்கடை என்று இடம் குறிப்பிட்டுச் சொல்லிவிடலாம். டாஸ்மாக் கடை இருக்கும் தெருவில் குடியிருப்பவருக்கு இதை ஆய்வு நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஷெர்மனும் டேவிட் வைஸ்பர்டும் அப்படிப்பட்ட 110 இடங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதியில் மட்டும் போலீஸ் இருப்பை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாக்க முயன்றார்கள். அங்கே குற்றம் பற்றிய அழைப்புகள் 6 முதல் 13 சதவீதம்வரை குறைந்தன. அதே வண்டிகள், அதே ஆட்கள். மாறியது இடம் மட்டும்.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்தது. 1994 ஜூலை 18 அன்று அங்கிருந்த யூத சமூக மையம் ஒன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் நகரிலுள்ள யூத நிறுவனங்கள் ஒவ்வொன்றின் முன்பும் இரவும் பகலும் போலீஸ் நிறுத்தப்பட்டது. பயங்கரவாதத்துக்கு எதிரான ஏற்பாடாக இருந்தும், அது அந்தத் தெருக்களின் கார் திருட்டை என்ன செய்தது என்று டி டெல்லா, ஷார்க்ரோட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். போலீஸ் நின்ற அந்தப் பகுதியில் கார் திருட்டு முக்கால் பங்கு குறைந்திருந்தது. இரண்டு தெரு தள்ளிப் போனால் ஒரு விளைவும் இல்லை. நிற்கும் போலீஸின் பலமும், அந்தப் பலத்தின் எல்லையும் இந்த ஒரே கணக்கில் இருக்கின்றன.

நிறுத்தி என்ன செய்வது என்பது இன்னும் கடினமான பகுதி. கான்சாஸ் சிட்டியே இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு சோதனை நடத்தியது. 1992 ஜூலை முதல் 1993 ஜனவரி வரை, கொலைகள் மிகுந்த 144ஆம் பீட்டில், மாலை ஏழு மணி முதல் நள்ளிரவு ஒரு மணி வரை கூடுதல் வண்டிகள் இறக்கப்பட்டன. 100க்கு நிகரான அவர்களின் 911 அழைப்புகளுக்குப் போக வேண்டிய கடமை அந்த வண்டிகளுக்கு இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் நிறுத்தி, சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கண்டெடுப்பதே வேலை. பிடிபட்ட துப்பாக்கிகள் 65 சதவீதம் கூடின. துப்பாக்கிக் குற்றங்கள் 49 சதவீதம் குறைந்தன. இதைப் பார்த்துப் பல நகரங்கள், வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதையே ரோந்தின் உயிராக எடுத்துக்கொண்டன. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், போக்குவரத்து விதி ஒன்று மீறப்பட்டிருந்தால் போதும், நிறுத்திய காவலரின் உள்நோக்கம் வேறாக இருந்தாலும் அந்த நிறுத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். காரில் போலீஸ் வந்து நிற்பது என்றால் அவமானப்படுவது என்று ஒரு தலைமுறைக்கே ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் டயர் நிக்கல்ஸ் என்ற 29 வயது இளைஞர், குற்றம் மிகுந்த பகுதிகளுக்கென்றே அமைக்கப்பட்ட ஒரு சிறப்புப் பிரிவினரால் சாலையில் நிறுத்தப்பட்டு, அடிக்கப்பட்டு, மூன்று நாளில் இறந்தார். அந்தப் பிரிவு அதே மாதம் கலைக்கப்பட்டது. துப்பாக்கிக் குற்றங்கள் குறைந்த கணக்கும் உண்மை, இந்தச் சாவும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

தமிழ்நாட்டில் இரவு ரோந்தின்போது பைக்கில் வரும் இளைஞர்களை நிறுத்தி விசாரிப்பது அன்றாடம் நடப்பது. சட்டம் அதற்கு இடம் தருகிறது, எல்லையும் வைக்கிறது. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணமும் செல்லும். குடித்துவிட்டு ஓட்டினாரா என்பதற்கு அளவு உண்டு: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டிய ஆல்கஹால். அந்த அளவைக் கருவி சொல்ல வேண்டும். முகத்தையும் பேச்சையும் வைத்து முடிவு கட்டுவது போதாது. யாரை நிறுத்துவது என்பதில் காவலருக்கு இருக்கும் தெரிவுரிமைதான் கவலைக்குரிய இடம். எந்தத் தெருப் பையன் என்று பார்த்து நிறுத்தினால், ரோந்து வண்டி அந்தத் தெருவுக்கு அந்நியமாகிவிடும். அடுத்த வாரம் அங்கே நடக்கும் கொலைக்கு ஒருவரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

கார் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவுடன் காவலருக்கும் ஊருக்கும் இடையே ஒரு திரை விழுந்துவிடுகிறது என்ற குறை புதிதல்ல. அமெரிக்காவில் நடந்த கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் 1968இலேயே, மோட்டார் ரோந்து மக்களோடு இருந்த தொடர்பை அறுத்துவிட்டதைக் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. பிரிட்டனிலும் 1960களில் பாண்டா கார் என்று செல்லமாக அழைக்கப்பட்ட சிறிய ரோந்து கார்கள் வந்தபின், தெருவில் நடக்கும் காவலரைக் காணோமே என்ற ஏக்கம் மக்களிடம் நிலைத்துவிட்டது. 1970களின் இறுதியில் நியூவர்க் நகரில் நடந்து ரோந்து போகும் காவலர்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். குற்றம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது. கான்சாஸ் சிட்டியில் கார்களை மூன்று மடங்காக்கியும் கிடைக்காதது அது. 2009இல் ஃபிலடெல்ஃபியாவில் வன்முறை மிகுந்த 60 இடங்களுக்குக் காவலர்களை நடந்தே அனுப்பியபோது, வன்முறைக் குற்றங்களே 23 சதவீதம் குறைந்தன.

காரை ஒழித்துவிட்டு நடக்கச் சொல்வது தீர்வாகாது. நூறு கிராமங்களைத் தன் எல்லையில் வைத்திருக்கும் ஸ்டேஷனுக்கும், தேசிய நெடுஞ்சாலையில் விபத்தில் கிடப்பவருக்கும் வண்டியைத் தவிர வேறு வழியில்லை. வண்டி போய்ச் சேர்ந்த பிறகு காவலர் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாரா, இறங்குகிறாரா என்பதில்தான் மாற்றம் சாத்தியம்.

எவ்வளவு நேரம் இறங்கியிருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மினியாபொலிஸ் பதிவுகளை வைத்து கிறிஸ்டஃபர் கோப்பர் என்ற ஆய்வாளர் 1995இல் பார்த்தபோது, ஓர் இடத்தில் பத்து நிமிடத்துக்குக் குறைவாக நின்றால், சும்மா கடந்து போவதைவிடப் பெரிய பலன் இல்லை. பத்தைத் தாண்டினால், போலீஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்கிறது. பதினான்கு, பதினைந்து நிமிடத்தில் அந்தப் பலன் உச்சத்துக்குப் போகிறது. அதற்குமேல் நிற்பதால் கூடுதல் லாபமில்லை. 2011இல் சாக்ரமெண்டோ நகரப் போலீஸ் இதைச் செய்தே பார்த்தது. குற்றம் மிகுந்த 42 இடங்களில் பாதியை எடுத்து, ஷிப்டில் இருக்கும் காவலர் அழைப்பு இல்லாத வேளையில் எந்த வரிசையில் அங்கே போக வேண்டும் என்று ஒழுங்கின்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் 12 முதல் 16 நிமிடம் இருக்கச் சொன்னார்கள். தொண்ணூறு நாளில் அந்த இடங்களில் அழைப்புகளும் கடுங்குற்றங்களும் மற்ற இடங்களோடு ஒப்பிடக் குறைந்தன. புதிய ஆளும் எடுக்கவில்லை, புதிய வண்டியும் வாங்கவில்லை.

பட்டா புத்தகத்தை நான் இதனால்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். காவலர் அந்த இடத்துக்கு வந்தாரா என்பதை உறுதிசெய்யப் பிறந்த ஏற்பாடு அது. காகிதத்துக்குப் பதிலாகச் சில இடங்களில் இப்போது கியூஆர் கோடு ஒட்டி, செல்போனில் ஸ்கேன் செய்கிறார்கள். வண்டியில் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கிறது, ஓடிய கிலோமீட்டர் தானாகப் பதிவாகிறது. ஓர் இரவில் நாற்பது இடங்களில் கையெழுத்து வேண்டும் என்றால், அந்த எஸ்.எஸ்.ஐ.யும் ஏட்டும் டிரைவரும் இரண்டு நிமிடத்துக்கு ஓர் இடமாக ஓடத்தான் செய்வார்கள். வேறு எதற்கும் அவர்களுக்கு நேரம் இருக்காது. பட்டியலில் நகைக்கடையும் ஏ.டி.எம்.மும் வங்கியும் இருக்கின்றன. ஆள் கூட்டமாக நிற்கும் டாஸ்மாக் வாசல், வேலை முடிந்து பெண்கள் தனியாக இறங்கும் கடைசிப் பேருந்தின் நிறுத்தம், போன மாதம் மூன்று முறை போன் வந்த அந்தச் சந்து ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். நாற்பதைப் பன்னிரண்டாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் நிற்கச் சொல்லலாம். நான் பார்த்த பட்டா புத்தகங்களில் வந்த நேரத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கிளம்பிய நேரத்துக்கும் ஒரு கட்டம் போட வேண்டும்.